அப்பாவின் முதுகில் இருந்த மூன்றாவது பெயர்

1

யாங்கோனுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. கொண்டாட்டம் எதுவும் இல்லை. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய வாரம் என்பதால்தான் அந்த நாளே ஞாபகத்துக்கு வந்தது. தன் பிறந்தநாளை மறந்துபோகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். வெளிநாட்டில் பிழைக்கிறவனால் இந்த நாளை மட்டும் மறக்க முடியாது.

இந்தக் குறிப்புகளின் எண்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்று போகும். மூன்றை அச்சகத்தில் விழுங்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது கடைசியில் வரும். எதற்காக என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அறை இன்சீனில், வேலை ஷ்வேப்யிதாவில். பனியன் தைத்து, அச்சடித்து, கப்பலேற்றும் தொழிற்சாலை. பிரிண்டிங் பிரிவுக்கு நான் பொறுப்பு. காலையில் தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்சாற்று நூடுல்ஸ் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு நின்றால் கம்பெனி பஸ் வரும். அதற்கு இங்கே 'ஃபெரி' என்று பெயர். படகு என்று நம்பி முதல் நாள் நான் ஆற்றங்கரைப் பக்கம் வழி கேட்டுக்கொண்டு போனது தனிக்கதை. மின்சாரம் இருக்கிற நாளில் மின்சாரத்திலும் இல்லாத நாளில் ஜெனரேட்டரிலும் எங்கள் அச்சு டேபிள்கள் ஓடுகின்றன.

தொழிற்சாலையில் என்னை 'சயா' என்கிறார்கள். வாத்தியார் என்று அர்த்தம். வேலை சொல்லிக்கொடுக்கிற எவரையும் அப்படிக் கூப்பிடுவது இங்கே வழக்கம்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். முதல் தடவை அந்தச் சொல்லைக் கேட்டபோது பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

போன மாதம் ஒரு ஆர்டர் வந்தது. அமெரிக்காவில் ஒரு ராக் இசைக்குழு. பெரிய வானொலிகள் போடுகிற ரகம் இல்லை. கரடுமுரடான கிதார், முணுமுணுக்கிற பாடகர், கல்லூரிப் பிள்ளைகளின் அறைகளில் வளர்ந்த சங்கீதம். சில வருடம் பிரிந்திருந்துவிட்டு மறுபடி ஒன்றுசேர்ந்து ஊர் ஊராகப் பாடப் போகிறார்கள். அந்தக் கச்சேரிகளில் விற்பதற்குக் கறுப்பு பனியன். முன்னால் அவர்களுடைய சின்னம். முதுகில் அவர்கள் இதுவரை வெளியிட்ட ஆல்பங்களின் பெயர்கள், ஒன்றின்கீழ் ஒன்றாக.

குழுவின் பெயரை எழுத மாட்டேன். ஆர்டர் கொடுக்கிற பையர் பெயரையும் டிசைனையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்ட கையெழுத்தை மதிக்கிறவன் நான். மதிக்கிறதால்தான் இவ்வளவு வம்பும் வந்தது. ஆல்பங்களுக்குச் சின்ன வயதில் நானாக வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர்கள் உண்டு. அவற்றையே இங்கே சொல்கிறேன்.

ஆர்ட்ஒர்க்கைத் திரையில் திறந்ததும் முதுகுப் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன். ஆறு வரிகள் இருந்தன. ஏழு இருக்க வேண்டும். மூன்றாவது ஆல்பம், 'பாதி கட்டிய பாலம்', இல்லை.

2

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். திருப்பூரில் என் அப்பா மாரப்பன் பிரிண்டிங் பட்டறையில் டேபிள் அடிப்பவராக, அதாவது மேஜையில் விரித்த பனியன்மேல் சாயம் இழுத்து அச்சடிப்பவராக இருந்தார். இதே குழுவுக்கு அப்போது நான்கு ஆல்பங்கள். அந்த நான்கு பெயர்களும் முதுகில் வருகிற ஒரு லாட் பனியன் அவர் டேபிளுக்கு வந்தது. எழுத்துகள் உள்ள பிலிமை அச்சடிக்கிற ஸ்கிரீன்மேல் வைத்து வெளிச்சம் காட்டும்போது யாரோ அதைத் திருப்பி வைத்துவிட்டார்கள். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி விழுந்தது. ஒரு பகல் முழுக்க அப்படியே அடித்துத் தீர்த்தபிறகுதான் முதலாளி வந்து பார்த்தார். சாயந்திரமே அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் துணிக் குடோனில் மூட்டை தூக்கினார். இடுப்பு ஒத்துழைத்தவரைக்கும் தூக்கினார்.

"எழுத்துத் தெரியாதவனுக்கு இதுதான் கதி. நீ படி" என்பார். எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு கதை கிடையாது. காய்ச்சல் என்று நான் படுத்தால்கூட இந்தக் கதைதான் கட்டிலுக்கு வரும்.

விற்க முடியாத அந்தப் பனியன்களில் ஒரு மூட்டையை அப்பா கேட்டு வாங்கிவந்தார். எங்கள் வீதியே சில வருடங்கள் அதைத்தான் உடுத்தியது. பால்காரர், எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மூன்று மகன்கள், கோயில் பூசாரி எல்லோர் முதுகிலும் அமெரிக்க ராக் குழுவின் நான்கு ஆல்பங்கள், புரட்டிப் போட்டபடி.

இரண்டாம் வகுப்பு லீவில் முடிவெட்டப் போனோம். நாற்காலிக் கைகளின் குறுக்கே பலகை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அப்பா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்தபடி சாய்ந்து நின்று கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் காலண்டர் எழுத்து திரும்பிக் கிடந்தது. கடைப் பெயரும் திரும்பிக் கிடந்தது. அப்பாவின் முதுகு மட்டும் நேராக இருந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் படித்த முதல் இங்கிலீஷ் அதுதான். மூன்றாவது வரியில் மூன்று சொற்கள் இருந்தன. அதைக் கூட்டி முடிப்பதற்குள் ஒரு பக்கக் கிருதா முடிந்துவிட்டது.

பாலிடெக்னிக் போன பிறகு கையில் போன் வந்தது. அந்த நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். அவை பாட்டுத் தொகுப்புகள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். முதல் ஆல்பம் 'ஈரத் தரை'யைச் சலவைக் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பதிவு செய்தார்களாம். பாட்டுக்கு நடுவே மெஷின் உறுமுவது கேட்கும். இரண்டாவது முழுக்கக் கத்தல். நான்காவது நன்றாக விற்றது, அதனால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். பிறகு வந்த மூன்றையும் வந்த வருடமே கேட்டேன். கடைசி ஆல்பத்தை இங்கே ஃபெரியில் உட்கார்ந்து கேட்டேன். என் வகுப்பில் எவனும் இந்தக் குழுவைக் கேட்டதில்லை. 'உனக்கு எதுக்குடா இந்த வெள்ளக்காரன் சத்தம்' என்பார்கள். எங்கள் வீதியே அதை உடுத்தியிருந்தது என்று நான் சொன்னதில்லை.

4

டேபிளை நிறுத்தினேன்.

மேனேஜர் சென்னியப்பன் அண்ணன் எங்கள் பக்கத்துக்காரர், அவிநாசி. என்னை இங்கே கூட்டிவந்தவரே அவர்தான். அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. வந்து நின்றார்.

"ஏந்தம்பி, சீல் சாம்பிள் என்ன சொல்லுது?"

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பையர் பார்த்து, சரியென்று முத்திரை குத்தி அனுப்புகிற ஒற்றைப் பனியன்தான் சீல் சாம்பிள். அதுதான் எங்களுக்கு வேதம். அதில் கோணல் இருந்தால் அந்தக் கோணலையும் அப்படியே அடிக்க வேண்டும்.

சாம்பிளும் ஆறு என்றுதான் சொல்கிறது, சாம்பிளே தப்பு என்றேன். எந்தக் கட்சித் தலைவர் உனக்குச் சொன்னார் என்று கேட்டார். மறுநாள் நான் பழைய பனியனைக் கொண்டுவந்தேன். அப்பாவினுடையது. கழுத்து நைந்து இப்போது தூங்கும்போது போடுகிறேன்.

திரும்பிக் கிடக்கிற எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. கை கழுவுகிற இடத்துக் கண்ணாடிக்கு அழைத்துப் போனேன். சாயம் இழுக்கும் ஸ்குவீஜிக் கட்டையைக் கழுவ வந்த டேபிள்காரர் கோ ஆங் மியோவும் நின்றுவிட்டார். மூன்று ஆண்கள் ஒரு குழாயடியில் நின்று ஒரு நைந்த பனியனைக் கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே வந்த தையல்காரப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

சென்னியப்பன் அண்ணன் மூன்றாவது வரியை வாய்க்குள் இரண்டு தடவை படித்தார். படித்ததை ஒத்துக்கொண்டார், அதை மறைக்க மாட்டேன். பிறகு சொன்னார்:

"தம்பி, நம்ம வேல அடிக்கறது. படிக்கறதுக்கு அவங்க ஆளு வெச்சிருக்கறாங்க."

நான் பனியனை மடித்துக்கொண்டே, "நம்ம படிக்கறதுக்கு அவங்க கிட்ட அனுமதி வாங்கோணுங்களாண்ணா?" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் படம் எடுத்து, திருப்பி, பையருக்கு மெயில் போடச் சொன்னார். போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது, இரண்டே வரி. ஆர்ட்ஒர்க் ஒப்புதல் பெற்றது. சீல் சாம்பிள்படி தொடரவும். ஏன் விட்டார்கள் என்று இல்லை. மறந்துவிட்டார்களா, அந்த ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனியோடு சண்டையா, அதுவும் இல்லை. கேட்டவனுக்கு ஒரு சொல்லாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை கோ ஆங் மியோ வீட்டில் சாப்பாடு. அடையாள அட்டையில்தான் அவர் ஆங் மியோ; 'கோ' என்பது அண்ணன் என்கிற மரியாதை. வீட்டில் சுப்பையா. அவருடைய கொள்ளுத் தாத்தா இன்சீன் ரயில் பட்டறைக்குக் கப்பலில் வந்தவர். கோ ஆங் மியோ பேசுகிற தமிழில் 'அவ்விடம்', 'ஆகட்டும்' எல்லாம் வரும். கூடவே மூச்சுக்கு ஒரு 'யா பா தே' வரும். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த ஊர் அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது.

"யா பா தே, சயா. ஆறுன்னா ஆறு, அடிச்சுக் குடுத்துருவோம். ஒங்க பெர்மிட்டைப் பாருங்க" என்றார் சாப்பிடும்போது.

பெர்மிட் விஷயம் அதற்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவியிருந்தது. தங்கும் அனுமதி நீள வேண்டுமானால் படிவம், போட்டோ, வார்டு அலுவலகத்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனிக் கடிதம் வேண்டும். அதில் சென்னியப்பன் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை கடைசி நாள். கடிதம் அவருடைய டிராயருக்குள் இருந்தது. முதல் பீஸ் சரியென்று வந்தபிறகு கடிதத்தைப் பார்க்கலாம் என்று சனிக்கிழமை சொல்லிவிட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அனுமதி தருகிற அலுவலகம் எனக்கு எப்போதுமே ஒரு சோதனை. நான் பர்மியம் கற்றது தையல் லைனில் இருக்கிற பெண்களிடம். முதல் வருடம் அதிகாரி முன்னால் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஷின்' என்று மரியாதையாக முடித்தேன். அது பெண்கள் முடிக்கிற முறை, ஆண்கள் 'கமியா' என்று முடிக்க வேண்டும் என்பது, அறை முழுக்கச் சிரித்து ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது. முத்திரை மட்டும் உடனே விழுந்தது.

கோ ஆங் மியோவின் மகள் சூ சூவுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்வாள். இப்போது ஜப்பானியம் படிக்கிறாள். இங்கே அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு வெளியூர் மொழி படிக்கிறார்கள். போகப் போகிறவர்கள். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை என்று அவள் அம்மாவுக்கு வருத்தம்.  நானும் போய்விட்ட பிள்ளைதானே.

சாப்பாட்டுக்கு நடுவே, எதுதான் அந்த ஆல்பம் என்று கோ ஆங் மியோ கேட்டதால் போனில் போட்டேன். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் உள்ளறையிலிருந்து சூ சூ கூடவே பாடிக்கொண்டு வெளியே வந்தாள். சொற்கள் பர்மியம், மெட்டு அதேதான். வெளிநாட்டு மெட்டுக்குத் தங்கள் சொற்களைப் போட்டுப் பாடும் 'காப்பி பாட்டு' இந்த ஊரில் பெரிய வழக்கம். எப்போதோ ஒரு கேசட் இங்கே வந்திருக்கிறது, யாரோ பாடியிருக்கிறார்கள், பாட்டு இங்கேயே தங்கிவிட்டது. டீக்கடையில், ரயிலில், கல்யாணத்தில் நானே எத்தனையோ தடவை அந்த மெட்டைக் கேட்டிருக்கிறேன். ஏதோ ஜாடை என்று விட்டிருக்கிறேன்.

இது அமெரிக்கப் பாட்டு என்று நான் சொன்னதும் அவள் போனை வாங்கிக் கடைசிவரை கேட்டாள். பிறகு, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினாள்.

"இது எங்க பாட்டு, அண்ணே. அவங்க கிட்டயும் இருக்குதா?"

கோ ஆங் மியோ தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "அவங்கதான் லிஸ்ட்லேருந்து எடுத்துட்டாங்களாமே, நாமளே வச்சுக்குவோம்" என்றார்.

6

திங்கட்கிழமை. எந்த லாட்டானாலும் டேபிளிலிருந்து வருகிற முதல் பீஸை நான் சாம்பிளோடு ஒப்பிட்டு, அதன் ஓரத்தில் மார்க்கரால் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் இரண்டாவது பீஸ் ஓடும். அந்த முதல் பீஸ் லாட் கணக்கோடு பையில் கட்டப்பட்டு இருக்கும். பிறகு எப்போது சண்டை வந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள்.

கோ ஆங் மியோ அடித்தார். காய்ந்து வந்தது. நிறம் சரி, அளவு சரி, வரிகள் ஆறு. டேபிளைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நான் வெள்ளை மார்க்கரை எடுத்து இங்கிலீஷில் எழுதினேன்: 'சாம்பிள்படி சரி. மூன்றாவது ஆல்பத்தின் பெயர் பட்டியலில் இல்லை. கேட்டோம். அப்படியே அடிக்கச் சொன்னார்கள்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

சென்னியப்பன் அண்ணன் படித்தார். வேறொரு பீஸ் அடிக்கச் சொன்னார். சுத்தமாக 'சரி' என்று மட்டும் எழுது என்றார். பையர் அனுப்புகிற ஆடிட்டர் பார்த்தால் நம்மைத்தான் கேட்பார், வாயை மூடிக்கொண்டு ஊரே பிழைக்கிறது, உனக்கு மட்டும் என்ன வந்தது என்றார். நான் எத்தனை பீஸ் அடித்தாலும் அத்தனையிலும் இதைத்தான் எழுதுவேன் என்றேன். பட்டியல் தப்பு என்று நான் எழுதவில்லை; இல்லாததை இல்லை என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். எனக்குப் பதிலாக வேறு யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அதைத் தடுக்க மாட்டேன் என்றேன். அவர் கோ ஆங் மியோவைப் பார்த்தார். 'யா பா தே' என்று சொல்லித்தான் பழகிய அந்த மனிதர் ஸ்குவீஜியை டேபிளில் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

திங்கள் முழுக்க டேபிள் நின்றது. செவ்வாயும் நின்றது. அறையில் என் பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன். இறங்கிப் போவதற்குத் தயார் என்று எனக்கே காட்டிக்கொள்ள அது தேவைப்பட்டது. பயம் இல்லை என்றால் பொய். அனுமதி போனால் திருப்பூர். வீட்டில் அப்பாவின் இடுப்பு, தங்கையின் படிப்பு, எல்லாம் என் சம்பளத்தில். ஆனாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் தனியாக எழுதக் கை வரவில்லை. எழுத்துத் தெரியாததால் அப்பாவுக்கு வேலை போனது. தெரிந்ததால் எனக்குப் போகட்டும். ஒரு தலைமுறையில் இந்த முன்னேற்றமாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன் காலையில் சென்னியப்பன் அண்ணன் டேபிளுக்கு வந்தார். கப்பல் நாள் நெருங்கிவிட்டது. நான் எழுதிய பீஸை எடுத்துப் பைக்குள் போட்டு அவர் கையாலேயே கட்டினார்.

"அடிங்கப்பா" என்றார். என்னிடம், "லெட்டர் மேஜை மேல கெடக்குது. நீதான் பெரிய படிப்பாளியாச்சே, அதையும் படிச்சுப் பாத்து எடுத்துக்க."

படித்தேன். பிரிண்டிங் உதவியாளர் என்று தட்டியிருந்தது. கையெழுத்தும் போட்டிருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"பொறுப்பாளர்ன்னு வரோணுங்கண்ணா."

கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்து, தலையில் கை வைத்துக்கொண்டு, டைப் அடிக்கிற பெண்ணைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை அதிகாரி முன்னால் நின்று எல்லா வாக்கியத்தையும் 'கமியா' என்று முடித்தேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

3

'பாதி கட்டிய பாலம்' அவர்கள் செய்ததிலேயே குறைவாக விற்ற ஆல்பம். பிழைகளைத் திருத்தாமல் விட்டிருப்பார்கள். ஒரு பாட்டில் முக்காலி கிறீச்சிடும். இன்னொன்றில் டிரம்ஸ்காரர் எண்ணிக்கை பிசகி நிறுத்தி, மறுபடி தொடங்குவார். அந்த நிறுத்தத்தையும் வெட்டவில்லை. கழித்துப் போட வேண்டிய பீஸ்களையே கோத்து ஒரு லாட் அனுப்பியதுபோல் இருக்கும். அதனால்தானோ என்னவோ ஏழில் அதுதான் எனக்கு நெருக்கம். எந்த ஊரில் எந்த முதுகில் அந்த ஆறு வரிப் பனியன் நடந்தாலும், அதில் ஒன்று குறைகிறது என்று முதலில் பார்த்தது ஷ்வேப்யிதாவில் ஒரு பிரிண்டிங் டேபிள். அது பார்த்ததோடு நிற்கவில்லை, எழுதியும் வைத்திருக்கிறது.

அப்பாவிடம் வெள்ளிக்கிழமை போனில் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.  லைன் போய்விட்டதா என்று கேட்க வேண்டியதாயிற்று.

"இருக்கறேஞ் சாமி" என்றார். "அன்னிக்கு நானும் பாத்தேன்."

எதைப் பார்த்தீர்கள் என்றேன்.

"மொதப் பீஸுலயே பாத்தேன். எழுத்துத் தெரியாட்டி என்ன, சாம்பிளுப் பக்கத்துல வெச்சா திரும்பியிருக்கறது கண்ணுக்குத் தெரியாதா? சூப்பரவைசருகிட்டப் போயிச் சொன்னேன். 'உனக்கென்னடா தெரியும், அடி'ன்னாரு. சாயந்தரம் மொதலாளி கேக்கறப்ப அவரு கம்முனு நின்னுக்கிட்டாரு. நான் சொன்னேன் சொன்னேன்னு எத்தன தடவதான் சொல்றது? வாயில சொன்னதுக்குச் சாட்சி எங்க இருக்குது?"

இத்தனை வருடமும் எழுத்துத் தெரியாமல்தான் வேலை போனது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அப்படிச் சொன்னாத்தான நீ ஒழுங்காப் பள்ளிக்கூடம் போவே" என்றார். பிறகு, இடுப்பு வலிக்கிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

தன் கண் பார்த்ததைத் தானே இல்லை என்று சொல்லி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதையே எனக்குப் பாடமாக்கிவிட்டார். ஊரில் அந்தப் பட்டறைக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், 'எழுத்தைத் தலைகீழா அடிச்ச மாரப்பன்' என்று. இந்தப் பத்திரிகை அங்கே டீக்கடைகளுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனையும் எழுதினேன். அப்பாவின் லாட்டில் என்னிடம் இருப்பது அந்த நைந்த பனியன் ஒன்றுதான்; அதையே முதல் பீஸாக எடுத்துக்கொண்டேன். அதன் ஓரத்தில், அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதி வைத்திருக்கிறேன்:

சாம்பிள்படி இல்லை. பின்பக்க எழுத்து திரும்பியிருப்பதை டேபிள்காரர் மாரப்பன் முதல் பீஸிலேயே பார்த்தார். சொன்னார். அப்படியே அடிக்கச் சொன்னார்கள்.

கீழே கையெழுத்து, அவருக்காக, அவர் மகன்.